குறி சொல்லும் ஊர்

குறி சொல்லுகிற தொல்லை நம் நாட்டுக்கு மாத்திரமே உரியது என்றும், மேல்நாட்டார் விஞ்ஞானத்தால் வாழுகிறவர்களாதலால் அவர்களிடத்தில் அது கிடையாது என்றும் நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணம் பாதிதான் உண்மை. அமெரிக்காவில் கிளிக்கூண்டைத் தூக்கிக் கொண்டு தெருத் தெருவாய் அலைகிறவன் இல்லாமலிருக்கலாம். ஆனால் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை பிரசிடெண்ட் தேர்தல் வரும்போது அங்கே சில ஊர்களே கிளியாகிவிடுகின்றன. "இந்த ஊர் யாருக்கு ஓட்டுப் போடுகிறதோ அவரே ஜெயிப்பார், இது நெடுங்காலமாய்ப் பலித்து வருகிறது" என்பதாகப் பத்திரிகைக்காரர்கள் எழுதுவதும், பட்டம் பெற்றவர்கள்கூட அதைக் கேட்டுத் தலையாட்டுவதும் அங்கே சர்வ சாதாரணமாய் நடந்து வந்திருக்கின்றன.

இப்படிப்பட்ட ஊருக்கு இங்கிலீஷில் பெல்வெதர் என்று பெயர். கழுத்தில் மணி கட்டிய, விதையடித்த ஆட்டுக்கிடா என்பதே அதன் நேரான அர்த்தமாகும். மந்தைக்கு முன்னால் அந்தக் கிடா போகும். மணிச்சத்தம் கேட்ட திசையில் மற்ற ஆடுகள் போகும். ஓட்டு என்னும் உரிமையைக் கையில் வைத்திருக்கும் மக்களுக்கு ஆட்டு மந்தையின் பெயரைச் சூட்டியதற்காக யாரும் அங்கே வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. பெயர் போகட்டும். உள்ளே இருக்கும் சரக்கு என்ன என்பதையே விசாரிப்போம்.

முதலில் ஒரு சிறு வேடிக்கை. நியூஹாம்ஷயர் என்னும் மாகாணத்தில், மலைக்காட்டுக்கு நடுவே ஹார்ட்ஸ் லொகேஷன் என்று ஒரு குக்கிராமம். அங்கே இருந்த ரயில்வே தொழிலாளிகள் விடியுமுன்னே வேலைக்குப் போய்விட வேண்டியவர்கள். ஓட்டுச்சாவடி திறக்கும் நேரத்தில் அவர்கள் ஊரில் இருக்க முடியாது. ஆகவே 1948-ம் வருஷத் தேர்தலில் நடுநிசியிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? தொழிலாளியின் சௌகரியத்துக்காகச் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் பிறகு என்ன ஆயிற்று? அதே மாகாணத்தில் டிக்ஸ்வில் நாட்ச் என்னும் இடத்தில் ஒரு ஓட்டல் முதலாளி 1960-ல் இதே நடுநிசி ஓட்டைத் தொடங்கினார். அங்கே விடியுமுன் ரயிலுக்குப் போக வேண்டியவர் யாருமில்லை. பத்திரிகைக்காரர்களும் போட்டோக்காரர்களும் வந்து கூடினார்கள். ஒன்பதே பேர் ஓட்டுப் போட்டார்கள். ஒன்பதும் நிக்ஸனுக்கு. கென்னடிக்குப் பூஜ்யம். ஆனால் ஜெயித்தவரோ கென்னடி!

முதல் குறியே இப்படிப் பொய்த்தும் கூட்டம் கலையவில்லை. 2012-ல் அங்கே ஒபாமாவுக்கு ஐந்து, ராம்னிக்கு ஐந்து. 2016-ல் ஹிலாரி கிளிண்டனுக்கு நான்கு, டிரம்புக்கு இரண்டு, ஜெயித்தவர் டிரம்ப். 2024-ல் ஹாரிஸுக்கு மூன்று, டிரம்புக்கு மூன்று. இந்த அரை டஜன் சீட்டுகளை எண்ணுவதற்கு உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் நடுநிசியில் கண்விழித்துக் காத்திருந்தன. எந்தச் சடங்கும் இப்படித்தான் உண்டாகிறது. முதலில் ஒருவனுக்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் செத்துப் போகும். சடங்கு மாத்திரம் உயிரோடு நிற்கும். பிறகு அந்தச் சடங்குக்கு ஒரு மகிமையும் கற்பிக்கப்படும்.

மற்றொரு குறியின் கதியையும் சொல்லிவிடுவோம். மெய்ன் என்னும் மாகாணத்தில் மாகாணத் தேர்தல் செப்டம்பரிலேயே நடந்து வந்தது. நாட்டின் பிரசிடெண்ட் தேர்தலோ நவம்பரில். ஆகவே, மெய்ன் போகும் வழியே நாடும் போகும் என்பதாக ஒரு பழமொழியே கட்டிவிட்டார்கள். 1936-ல் செப்டம்பரில் மெய்ன் ரிபப்ளிகன் கட்சியை ஜெயிக்க வைத்தது. நவம்பரில் நடந்தது என்ன? அப்போதிருந்த 48 மாகாணங்களில் 46-ஐ டெமாக்ரட் கட்சியின் ரூஸ்வெல்ட் வாரிக்கொண்டு போனார். ரிபப்ளிகன் அபேட்சகரான லாண்டனுக்கு மிஞ்சியவை மெய்ன், வெர்மாண்ட் என்னும் இரண்டுதான். மெய்ன் போகும் வழியே வெர்மாண்ட் போகும் என்று ரூஸ்வெல்ட்டின் தேர்தல் காரியஸ்தர் ஃபார்லி அந்தப் பழமொழியைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார். அதோடு மெய்ன் ஜோசியம் செத்தது. ஆனால் ஜோசியத்தின் மேலுள்ள ஆசை சாகவில்லை. வேறு ஊரைத் தேடிக் கொண்டது.

நிற்க, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த ஊருக்கு வருவோம். இண்டியானா மாகாணத்தின் மேற்கு ஓரத்தில் வாபாஷ் ஆற்றங்கரையில் டெர்ரெ ஹோட் என்று ஒரு சிறு நகரம். அதையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து வீகோ கவுண்டி என்பார்கள். கவுண்டி என்றால் நம் தாலூகா போன்ற ஒரு பிரிவு என்று வைத்துக் கொள்ளலாம். 2020-ம் வருஷ ஜனக்கணக்கில் சுமார் 1 லட்சத்து 6 ஆயிரம் பேர் உள்ள இடம். இந்த வீகோதான் அமெரிக்காவின் ஊர்க் கிளிகளுக்கெல்லாம் பெரிய கிளியாய் இருந்தது. 1888 முதல் 2016 வரை நடந்த 33 பிரசிடெண்ட் தேர்தல்களில் 31-ல் வீகோ யாருக்கு அதிக ஓட்டுக் கொடுத்ததோ அவரே பிரசிடெண்ட் ஆனார். தவறியவை 1908-ம், 1952-ம் மாத்திரமே. 1956 முதல் 2016 வரை தொடர்ந்து 16 தேர்தல்கள் ஒன்றுகூடத் தவறவில்லை. தேர்தல் தோறும் பத்திரிகை நிருபர்கள் அந்த ஊருக்குப் போய், டீக்கடையில் இருக்கிறவனையும் முடிதிருத்துகிறவனையும் "நீர் யாருக்குப் போடுகிறீர்?" என்று, தெய்வ வாக்குக் கேட்பது போலக் கேட்டு எழுதி வந்தார்கள்.

"33-ல் 31 பலித்திருக்கிறதே, இதற்கு என்ன சொல்லுகிறீர்?" என்று ஒரு நண்பர் நம்மைக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பலித்தது பலிக்கவில்லை என்று நாம் பொய் சொல்ல வேண்டியதில்லை. பலித்தது எதனால், பலித்ததன் பொருள் என்ன என்றுதான் பார்க்க வேண்டும்.

வீகோ நாட்டின் மனசைக் காட்டும் கண்ணாடி என்று சொல்லுகிறார்கள். இது உண்மையா? அமெரிக்காவில் பிரசிடெண்ட் ஆகிறவர் ஜனங்களின் மொத்த ஓட்டில் அதிகம் பெற்றவராய் இருக்க வேண்டுமென்பதில்லை. ஒவ்வொரு மாகாணத்துக்கும் இத்தனை பிரதிநிதி ஓட்டு என்று பங்கு வைத்து, இப்போது மொத்தம் 538 என்று கணக்கு. அதில் 270 பெற்றவரே பிரசிடெண்ட். இதனால் 2000-ம் வருஷத்தில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டு அதிகம் வாங்கிய கோர் தோற்று, புஷ் ஜெயித்தார். 2016-ல் 28 லட்சத்துக்கு மேல் அதிகம் வாங்கிய ஹிலாரி கிளிண்டன் தோற்று, டிரம்ப் ஜெயித்தார். 1888-லும் இதே கதைதான். இந்த மூன்று தேர்தல்களிலும் வீகோ இருந்தது ஜெயித்தவர் பக்கம். அப்படியானால் அதிகமான ஜனங்கள் விரும்பியது ஒருவரை, வீகோ காட்டியது மற்றொருவரை என்றல்லவா ஆகிறது? எதிரே நிற்கிறவன் முகத்தை விட்டு வேறொருவன் முகத்தைக் காட்டுவது என்ன கண்ணாடி?

அதுமட்டுமா? 1888-ல் ஓட்டுப் போட்ட நாடு எது? பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை வந்தது 1920-ல். வீகோவின் ஜாதகத்தில் முதல் எட்டுத் தேர்தல்கள் அதற்கு முந்தியவை. ஏதோ சில மேற்கு மாகாணங்கள் நீங்கலாக, ஜனங்களில் பாதிப்பேர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட தேர்தல்கள் அவை. தென் மாகாணங்களில் நீக்ரோ மக்கள் என்று அப்போது அழைக்கப்பட்ட கறுப்பு மக்களை, எழுத்துப் பரீட்சை என்றும், தலைவரி என்றும், அடி உதை என்றும் சொல்லி ஓட்டுச்சாவடிக்கே வரவிடாமல் செய்து வந்தார்கள். அந்த அக்கிரமத்தை அடக்கச் சட்டம் வந்தது 1965-ல். ஆகவே "நாடு" "நாடு" என்று இவர்கள் சொல்லி வந்ததெல்லாம் வெகு காலம் வரையில் ஆண்களின் நாடு, அதிலும் பெரும்பாலும் வெள்ளை ஆண்களின் நாடு. வாய் கட்டப்பட்டவர்களைக் கணக்கில் சேர்க்காமல் நாட்டின் மனசைக் கண்டுபிடித்தோம் என்று கொண்டாடுவது என்ன யோக்கியம் என்று கேட்கின்றோம்.

இனி எண்ணைப் பார்ப்போம். அமெரிக்காவில் 3,000-க்கு மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. 3,000 பேரை வரிசையாய் நிறுத்தி, ஆளுக்கு ஒரு காசு கொடுத்து, பத்துத் தடவை பூவா தலையா சுண்டச் சொல்லுங்கள். பத்துத் தடவையும் ஒருவனுக்குப் பூவாகவே விழுவது 1,024-ல் ஒரு பங்கு நடக்கக் கூடியது. ஆகவே 3,000 பேரில் சுமார் மூன்று பேருக்கு அப்படி விழுந்தே தீரும். விழுந்த பிறகு அந்த மூவரையும் முன்னால் இழுத்துவந்து, "இவர்கள் கையில் தேவதை இருக்கிறது" என்று மாலை போட்டால் அது அறிவா? விழாமற்போன மற்றவர்களை யாராவது திரும்பிப் பார்த்தார்களா? எல்லா ஜோசியனுடைய பிழைப்பும் இதில்தான் இருக்கிறது. பலித்ததை ஊரெல்லாம் பேசும். பலிக்காததை அவனே மறந்துவிடுவான்.

ஆனால் நாம் கணக்கை நமக்குச் சாதகமாய் மாத்திரம் சொல்லக் கூடாது. 1980 முதல் 2016 வரை நடந்த பத்துத் தேர்தல்களிலும் தவறாத கவுண்டிகள் மூன்று அல்ல, 19. வீகோவின் 16 தொடர்ச்சியும் காசு சுண்டுவதில் சுலபமாய்க் கிடைப்பதல்ல. ஆகவே காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று மாத்திரம் சொல்லி முடித்துவிட முடியாது. மிச்சத்துக்கும் காரணம் இருக்கிறது. அது தெய்வீகமல்ல, சாதாரணமான காரணமே.

அந்த ஊரின் அமைப்பைப் பாருங்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளும், ரயில்வே தொழிலாளிகளும், ஆலைத் தொழிலாளிகளும் நிறைந்த ஊர். 1935-ல் ஒரு பாத்திரக் கம்பெனி தொழிலாளிகளுக்காக ஊர் முழுவதும் வேலைநிறுத்தம் செய்து கடைகளை அடைத்து, கவர்னர் பட்டாளத்தைக் கொண்டுவந்து ராணுவச் சட்டம் போடும்படி ஆன ஊர். இது ஒரு பக்கம். மறுபக்கத்தில் சுற்றிலும் விவசாயிகள். கட்டுப்பெட்டியான கிறிஸ்தவ பக்தர்கள். சொந்த நிலமும் சொந்தக் கடையும் உள்ளவர்கள். நடுவே ஒரு சர்வகலாசாலையும் அதன் மாணவர்களும். தொழிலாளி ஒரு கட்சிப் பக்கம் இழுப்பான். விவசாயி மற்றொரு கட்சிப் பக்கம் இழுப்பான். இரண்டும் ஏறக்குறையச் சமமாய் நின்றன. அப்படிப்பட்ட தராசில் நாட்டில் வீசுகிற காற்று கொஞ்சம் பட்டாலும் தட்டுச் சாயும். விலைவாசி ஏறினால் ஆளுகிறவனுக்கு எதிராய்ச் சாயும்; நிலைமை நன்றாயிருந்தால் அவனுக்கு அனுகூலமாய்ச் சாயும். நாடு எங்கும் அதே காற்றுத்தான் வீசுகிறது. ஆகவே இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தன. இதுதான் வீகோவின் ரகசியம். நாட்டை வீகோ நடத்தவில்லை. நாட்டையும் வீகோவையும் ஒரே காரணங்கள் நடத்தின.

இதே வீகோ 2000-லும் 2004-லும் புஷ்ஷுக்குப் போட்டது. 2008-லும் 2012-லும் கறுப்பரான ஒபாமாவுக்குப் போட்டது. 2016-ல் டிரம்புக்குப் போட்டது. "இவர்கள் முற்போக்குக்காரர்கள்" என்று ஒருவரும், "இவர்கள் பிற்போக்குக்காரர்கள்" என்று மற்றொருவரும் அந்த ஊரின் நெற்றியில் பெயர் எழுதி ஒட்டுவதும் ஒரு மூடநம்பிக்கைதான். ஊருக்குப் பிறவிக் குணம் என்று ஒன்று கிடையாது. அங்கே இருக்கும் மனிதர்களுக்கு வேலையும் கூலியும் கவலையும் ஆசையும்தான் உண்டு.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். ஆம், பதம்தான். எப்போது? ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு என்று இருந்து, கிளறிவிட்டும் இருந்தால் பதம். 33 கோடிப் பேர் உள்ள நாடு ஒரு பானை அல்ல. ஒரு பானையில் பொங்குகிறது, ஒரு பானையில் தீய்கிறது, ஒரு பானையில் அரிசியே இல்லை. அன்றியும், நேற்று எடுத்துப் பார்த்த சோறு இன்றைக்குப் பதமாகுமா?

வீகோவின் விஷயத்தில் இதுதான் நடந்தது. சுரங்கங்களும் ஆலைகளும் பெரும்பாலும் மூடப்பட்டன. தொழிற்சங்கத்தின் பலம் தேய்ந்தது. நாட்டிலோ பட்டம் பெற்றவர்கள் ஒரு பக்கமும் பட்டம் இல்லாத வெள்ளையர் மறுபக்கமும், பெரு நகரத்தார் ஒரு பக்கமும் கிராமத்தார் மறுபக்கமும் என்று புதிய கோடு கிழிக்கப்பட்டது. நாட்டில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேர் வெள்ளையர். வீகோவிலோ எட்டுப் பேருக்கு மேல். தராசின் ஒரு தட்டிலிருந்த கல்லை எடுத்துவிட்ட பிறகு அது எப்படி நடுவில் நிற்கும்? 2020-ல் வீகோ டிரம்புக்கு நல்ல மெஜாரிட்டி கொடுத்தது. ஜெயித்தவர் பைடன். 64 வருஷத்துக் குறி பொய்த்தது. வீகோ மட்டுமல்ல, நாம் மேலே சொன்ன 19 கவுண்டிகளில் 18 டிரம்புக்குப் போட்டுத் தவறின. வாஷிங்டன் மாகாணத்திலுள்ள கிளாலம் என்ற ஒன்றே ஒன்று மிஞ்சிற்று.

தோழர்களே, இங்கேதான் விஷயம் வேடிக்கையை விட்டு விபரீதமாகிறது. குறி பொய்த்தால் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? "இந்தக் குறி பொய், இனி இதை நம்பக் கூடாது" என்பான். அங்கே பல பேர் என்ன சொன்னார்கள் தெரியுமா? "குறி பொய்க்காது, ஆகவே தேர்தல்தான் பொய்! 19-ல் 18 ஊர்கள் டிரம்பைக் காட்டியிருக்க, பைடன் ஜெயித்தார் என்றால் அதில் திருட்டு இருக்க வேண்டும்" என்றார்கள். பைடனுக்கு 500 சில்லறைக் கவுண்டிகள், டிரம்புக்கு 2,500-க்கு மேல். அப்படியிருக்க பைடன் ஜெயிப்பது எப்படி என்றும் கேட்டார்கள். ஓட்டுப் போடுவது மனிதனா, மண்ணா? காட்டுக்கும் மேட்டுக்கும் ஓட்டு உண்டா? பைடனுக்கு விழுந்தது சுமார் 8 கோடியே 12 லட்சம். டிரம்புக்குச் சுமார் 7 கோடியே 42 லட்சம். கணக்கு இவ்வளவுதான். ஜாதகப்படி பிள்ளை ஆணாய்ப் பிறக்க வேண்டும், பெண்ணாய்ப் பிறந்திருக்கிறது, ஆகவே மருத்துவச்சி பிள்ளையை மாற்றிவிட்டாள் என்று சண்டைக்குப் போகிறவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

இதை ஏதோ திண்ணைப் பேச்சு என்று விட்டுவிட முடியாது. தேர்தல் திருட்டு என்று சொல்லிப் போடப்பட்ட வழக்குகள் 60-க்கு மேல். அவற்றில் ஒன்றாவது முடிவை மாற்றக் கூடிய திருட்டை ருஜுப்படுத்தவில்லை. ஜார்ஜியா மாகாணத்தில் சுமார் 50 லட்சம் ஓட்டுச் சீட்டுகளையும் கையால் திரும்ப எண்ணினார்கள்; ஜெயித்தவர் மாறவில்லை. டிரம்பின் சொந்த மந்திரி சபையில் சட்டத்துக்குத் தலைவராயிருந்த பார் என்பவரே, முடிவை மாற்றக் கூடிய மோசடி எதையும் காணவில்லை என்று 1920-களின் பழங்கதையாக அல்ல, 2020 டிசம்பர் மாதத்திலேயே சொன்னார். அப்படியும் 2021 ஜனவரி 6-ந் தேதி ஒரு பெருங்கூட்டம் தலைநகரத்துச் சட்டசபை மண்டபத்தின் கதவு ஜன்னல்களை உடைத்துக் கொண்டு உள்ளே புகுந்தது. அந்தக் கூட்டத்தை ஊர்க்குறி ஒன்று மாத்திரம் கிளப்பிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த நெருப்புக்குப் போட்ட சுள்ளிகளில் இதுவும் ஒன்று. விளையாட்டாய்ச் சொல்லி வந்த ஜோசியம், கோடிக்கணக்கானவர்கள் போட்ட ஓட்டைச் செல்லாது என்று சொல்ல ஆதாரமாய் வந்து நின்றது. மூடநம்பிக்கை தீங்கற்றது, அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உண்மையான தேர்தல் திருட்டு எப்படி இருக்கும், அதை எப்படிப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமானால் அதற்கும் அதே வீகோவிலேயே உதாரணம் இருக்கிறது. 1914-ல் டெர்ரெ ஹோட்டில் நடந்த தேர்தலில் பொய்ப் பெயர்களைப் பதிந்தும், ஓட்டை விலைக்கு வாங்கியும், சாவடியில் மிரட்டியும் பெருந்திருட்டு நடந்தது. டான் ராபர்ட்ஸ் என்ற மேயர் உள்பட நூறு பேருக்கு மேல் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மேயரும் அவருடைய கூட்டாளிகளும் 1915-ல் கோர்ட்டில் தண்டனை அடைந்து சிறைக்குப் போனார்கள். எதை வைத்துத் தண்டித்தார்கள்? பதிவுப் புஸ்தகத்தை வைத்து; நேரில் கண்ட சாட்சிகளை வைத்து; ஒப்புக்கொண்டவர்களின் வாக்குமூலத்தை வைத்து. "மெய்ன் அப்படிப் போயிற்றே, இந்த ஊர் இப்படிப் போகலாமா?" என்று குறி பார்த்துத் தண்டிக்கவில்லை. திருட்டைச் சந்தேகிப்பது தப்பல்ல. பிரஜையின் கடமையே அது. சந்தேகத்துக்கு ஆதாரம் தேடு, கிடைத்தால் நிறுத்திக் காட்டு, கிடைக்காவிட்டால் ஒப்புக்கொள் என்பதுதான் அறிவின் சட்டம்.

இன்னும் ஒரு விஷயம் சொல்லாமல் இந்த ஊரை விட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை. டெர்ரெ ஹோட் ஒரு பெரிய மனிதனைப் பெற்ற ஊர். 1855-ல் அங்கே பிறந்த யூஜின் டெப்ஸ், ரயில்வே தொழிலாளியாய்த் தொடங்கி, தொழிலாளிகளைச் சேர்த்துச் சங்கம் கண்டு, 1894-ம் வருஷத்துப் பெரிய ரயில்வே வேலைநிறுத்தத்தால் சிறை சென்று, பிறகு சமதர்மக் கட்சியின் தலைவரானவர். ஐந்து தடவை பிரசிடெண்ட் பதவிக்கு நின்றார். 1918-ல் உலக யுத்தத்தைக் கண்டித்துப் பேசியதற்காகப் பத்து வருஷத் தண்டனை. 1920-ல் அட்லாண்டா சிறையில் கைதியாய் இருந்தபடியே நின்றார். அப்போதும் 9 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் அந்தக் கைதிக்கு ஓட்டுப் போட்டார்கள்.

அந்தத் தேர்தலில் வீகோ யாருக்குப் போட்டது? ஜெயித்த ஹார்டிங்குக்கு. குறி அன்றும் பலித்தது! தன் தெருவில் நடந்த மனிதன், தொழிலாளிக்காகச் சிறையில் கிடந்த மனிதன், ஐந்து தடவை நின்றும் அவரைத் தன் முதல் ஆளாக அந்த ஊர் எடுத்துக் கொள்ளவில்லை. இதற்காக அந்த ஊராரை நாம் ஏசவில்லை; ஓட்டு அவர்களுடையது. ஆனால் ஒன்று கேட்கின்றோம். ஜெயித்த ஹார்டிங்கை இன்றைக்கு யார் நினைக்கிறார்கள்? டெப்ஸ் இருந்த வீட்டை அல்லவா காட்சிச் சாலையாக வைத்து ஜனங்கள் வந்து பார்க்கிறார்கள்? ஜெயித்தவன் பக்கத்தில் இருந்தேன் என்பது ஒரு பெருமையானால், நிழலுக்கும் அந்தப் பெருமை உண்டு. அந்த 9 லட்சம் பேரும் தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே போட்டார்கள். தங்கள் மனசில் உள்ளதைச் சொன்னார்கள். ஓட்டு என்பதன் முழு அர்த்தத்தையும் உபயோகித்தவர்கள் அவர்களே என்பது நமது அபிப்பிராயம்.

கடைசியாக, 2024-ம் வருஷத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகின்றோம். எல்லாக் கிளியும் பறந்த பிறகு மிஞ்சியிருந்த கிளாலம் கவுண்டி ஹாரிஸுக்குப் போட்டது, ஜெயித்தவர் டிரம்ப். கடைசிக் கிளியும் கூண்டை விட்டுப் போயிற்று. 2020-ல் தவறிய வீகோவோ மறுபடியும் டிரம்புக்கே போட்டதால் ஜெயித்தவர் பக்கம் வந்து நிற்கிறது. அந்த ஊர் மாறவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. காற்றுத்தான் திரும்பி வந்தது. நின்று போன கடிகாரமும் நாளைக்கு இரண்டு தடவை சரியான மணி காட்டும் அல்லவா? இனி "வீகோவின் மகிமை திரும்பிற்று" என்று யாராவது எழுதப் புறப்பட்டாலும் நாம் ஆச்சரியப்பட மாட்டோம். மெய்ன் போனால் மிசௌரி, மிசௌரி போனால் ஒஹையோ, ஒஹையோ போனால் வேறொன்று. ஒரு நூற்றாண்டில் 1956 ஒன்று தவிர மற்றதெல்லாம் பலித்த மிசௌரி 2008-ல் பொய்த்தது. 1964 முதல் தவறாத ஒஹையோ 2020-ல் பொய்த்தது. சாமி மாறுகிறதே ஒழிய, பக்தி மாறுவதில்லை.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். ஓர் ஊரின் ஓட்டைப் படிப்பது தப்பல்ல. படிக்கத்தான் வேண்டும். அங்கே யார் வாழுகிறார்கள், என்ன தொழில், என்ன கூலி, எந்த ஆலை மூடிற்று, யாருக்கு ஓட்டு இருந்தது, யாருக்கு இல்லாமல் இருந்தது என்று படித்தால் அது அறிவு. "இது காட்டினால் அது நடக்கும்" என்று மாத்திரம் படித்தால் அது குறி. முன்னதில் மனிதன் இருக்கிறான். பின்னதில் அவன் ஆட்டுக்கிடாவாகிவிடுகிறான்.

ஓட்டுச் சீட்டைக் கையில் வாங்குகிற எவனும், எந்த நாட்டானாய் இருந்தாலும், "யார் ஜெயிப்பான்?" என்ற கேள்வியைச் சாவடிக்கு வெளியே விட்டுவிட்டு, "யார் ஜெயிக்க வேண்டும், ஏன்?" என்ற கேள்வியோடு உள்ளே போகட்டும். முதல் கேள்விக்குப் பதில் அன்று ராத்திரி எண்ணினால் தானே தெரிந்துவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதிலை எந்த ஊரும், எந்தக் கிளியும், எந்த மணி கட்டிய கிடாவும் சொல்ல முடியாது. அவனவன் மூளையைத்தான் கேட்க வேண்டும்.